சனிக்கிழமையும் ஞாயிறும் இடம் மாறட்டும்: பிராக் நகரில் மூன்று நாள்

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை, விருப்ப ஓய்வு பெற்றவள். வயது 58. என் கணவருக்கு 67. அவருக்கு முழங்கால் வலி உண்டு, சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் இரண்டாம் வாரம் அவளோடு தங்கப் போகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் பிராக் போய், திங்கள் மதியம் திரும்பத் திட்டம். சனிக்கிழமை யூதர் பகுதி, ஞாயிறு காலை கோட்டையும் பேராலயமும், திங்கள் மற்றவை என்று எழுதி வைத்திருக்கிறோம். ஜெர்மனி விசாவிலேயே போகலாமா? சுற்றுலா பாஸ் வாங்க வேண்டுமா? நாங்கள் சுத்த சைவம், என்ன சாப்பிடுவது? பணம் மாற்றுவதில் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் திட்டத்தில் இரண்டு நாள்களை முதலில் இடம் மாற்றிவிடுங்கள். யூத அருங்காட்சியகமும் அதைச் சேர்ந்த ஜெபக்கூடங்களும் சனிக்கிழமை பூட்டியிருக்கும். அது அவர்களுடைய ஓய்வு நாள். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். சுற்றுலாப் பயணிகளுக்குப் பகல் 12 மணிக்குத்தான் கதவு திறக்கும். எழுதி வைத்தபடியே போனால் இரண்டு நாளும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு பாலமும் பழைய நகரும் யூதர் பகுதியும் என்று மாற்றிக்கொண்டால் எல்லாம் கூடிவரும். இன்னொன்று: செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் யூதர்களின் பெரிய பண்டிகைகள் வரும், அந்த நாள்களிலும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. டிக்கெட் எடுக்கும் முன் அவர்கள் வெளியிடும் நாள்காட்டியை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விசா கேள்விக்குச் சுருக்கமான பதில்: போகலாம். பிராக் இருக்கும் செக் குடியரசும், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றுதான். அதிக நாள் தங்கும் நாட்டில் விசா கேட்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பெரும்பாலும் டிரெஸ்டனில் இருப்பதால் ஜெர்மனி விசாவே சரி; பிராக் போவதைப் பயணத் திட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவக் காப்பீடு ஜெர்மனிக்கு மட்டும் என்று இல்லாமல் ஷெங்கன் முழுமைக்கும், குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ரயிலில், குறிப்பாகத் திரும்பி வரும்போது, போலீசார் ஏறிச் சோதிப்பது உண்டு. அப்போது நகல் போதாது. அசல் பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும். மகள் தன் ஜெர்மனி குடியிருப்பு அட்டையோடு பாஸ்போர்ட்டையும் எடுத்து வர வேண்டும்.

டிரெஸ்டனிலிருந்து பிராக்கிற்கு நேரடி ரயில், ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். போகும்போது ரயில் செல்லும் திசையில் இடப்பக்கம் ஜன்னலோர இருக்கை பதிவு செய்யுங்கள். எல்பே ஆறும் அதன் மணற்கல் குன்றுகளும் அந்தப் பக்கம்தான். இருட்டும் முன் பார்க்க வேண்டுமென்றால் பிற்பகல் ரயிலைப் பிடியுங்கள். அந்த வாரத்தில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.

பிராக் நகரைச் சுற்றுவதற்கு ட்ராம்தான் உங்களுக்கு ஏற்றது. மெட்ரோவின் பல நிலையங்கள் ஆழத்தில் இருக்கின்றன. எஸ்கலேட்டர்கள் நீளமானவை, நம் ஊர் மால்களில் இருப்பதைவிட வேகமாகவும் ஓடும். முழங்கால் தடுமாறுபவர்களுக்கு ஏறும் நொடியும் இறங்கும் நொடியும்தான் ஆபத்து. லிஃப்ட் இருக்கும் நிலையமா என்று பார்த்துப் போங்கள். 65 வயது நிறைந்தவர்களுக்கு நகர எல்லைக்குள் கட்டணம் கிடையாது. பிறந்த தேதி தெரியும் அடையாள ஆவணம் ஒன்றை உங்கள் கணவர் கையில் வைத்திருந்தால் போதும். நீங்களும் மகளும் 72 மணி நேர டிக்கெட் எடுங்கள். வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் மாலை வரை செல்லும், உங்கள் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: டிக்கெட் வாங்குவார்கள், முத்திரை குத்த மாட்டார்கள். காகித டிக்கெட்டை மெட்ரோ நுழைவாயிலிலோ ட்ராமுக்குள்ளோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் ஒரே ஒரு முறை செருகி நேரம் பதிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்துதான் 72 மணி நேரம் ஓடத் தொடங்கும். இரண்டாம் முறை குத்தினால் அந்த டிக்கெட் கெட்டது. ட்ராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையைத் தட்டி வாங்கும் டிக்கெட்டுக்கு மட்டும் இது வேண்டாம். நேரம் பதிந்தேதான் வரும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், பேட்ஜைக் காட்டுவார்கள்.

இப்போது சனிக்கிழமை. கோட்டை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கூட்டம் கூட்டமாக வருபவர்கள் கீழே மாலா ஸ்த்ரானா பகுதியிலிருந்து படியேறித்தான் போவார்கள். நீங்கள் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். 22-ஆம் எண் ட்ராமில் ஏறி "ப்ரஷ்கீ ஹ்ராட்" நிறுத்தத்தில் இறங்குங்கள். ஏற்றத்தை ட்ராமே ஏறிவிடும். அங்கிருந்து பொடி நடையாக ஐந்தாறு நிமிடம், வெடிமருந்துப் பாலம் என்ற பெயருள்ள பாலத்தைக் கடந்தால் இரண்டாம் முற்றம். இந்த வழி ஏறக்குறைய சமதரை. 22-ஆம் எண் ட்ராம் ஜேப்படிக்காரர்களுக்கும் பிடித்த வண்டி என்பதால் கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். முதன்மைச் சுற்று டிக்கெட்டில் பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், பொன் தெரு நான்கும் அடங்கும். இது இரண்டு நாள் செல்லுபடியாகும், ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முறைதான் நுழைவு. முழங்கால் இடைஞ்சல் செய்தால் மீதியை ஞாயிறு பிற்பகல் வைத்துக்கொள்ளலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, கேட்டு வாங்குங்கள். அக்டோபர் முடியும் வரை கட்டடங்கள் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். நவம்பர் முதல் 4 மணிக்கே சாத்திவிடுவார்கள். வாசலில் பை சோதனை இருக்கிறது. 8.45-க்கு அங்கே இருங்கள். பத்தரைக்கு மேல் குழுக்கள் இறங்கத் தொடங்கியதும் பேராலய வாசல் வரிசை முற்றத்தைச் சுற்றிக்கொள்ளும்.

ஆகவே பேராலயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடிக்கல் நாட்டியது 1344-ல். கட்டி முடிந்தது 1929-ல். அராஸ் ஊரைச் சேர்ந்த மத்தியாஸ் தொடங்கினார், அவருக்குப் பின் பீட்டர் பார்லர் தொடர்ந்தார், பிறகு சண்டைகளால் வேலை நின்றது. பாதிக் கட்டடமாகவே நூற்றாண்டுகள் கழிந்தன. ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரம் 1987 வரை மொட்டைக் கோபுரமாக நின்றதைப் பார்த்த திருச்சிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நீங்கள் நுழையும் மேற்குப் பக்கம் 19, 20-ஆம் நூற்றாண்டு வேலை; உள்ளே போகப் போகத்தான் 14-ஆம் நூற்றாண்டுக்குள் போகிறீர்கள். கல்லின் நிறத்தையும் செதுக்கலின் தேய்மானத்தையும் கவனித்துக்கொண்டே நடந்தால் இது கண்ணிலேயே தெரியும்.

இடப்பக்கம் மூன்றாம் சிற்றாலயத்தில் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா செய்த ஜன்னல், 1931-ல் வைத்தது. மற்ற ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்திருப்பார்கள். இதில் கண்ணாடியின் மேலேயே தீட்டியிருக்கிறார். அதனால்தான் முகங்களில் நிழல் மெதுவாக மாறுகிறது. நடுவில் சிவப்பு உடையில், பின்னாளில் புனிதரான வென்செஸ்லாஸ் சிறுவனாக, பக்கத்தில் பாட்டி லுட்மிலா. சுற்று முடியும் இடத்தில் புனிதர் நெபோமுக் ஜானின் வெள்ளிக் கல்லறை, சுமார் 2 டன் வெள்ளி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நாளை பாலத்தில் இவரை மறுபடியும் பார்ப்பீர்கள். தெற்குப் பக்கம் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தின் சுவரில் மணிக்கற்கள் பதித்திருக்கிறார்கள். அதை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். அங்கிருக்கும் சிறு கதவுக்குப் பின்னால்தான் முடிசூட்டு நகைகள் இருக்கும் அறைக்குப் போகும் வழி. அந்த அறைக்கு ஏழு பூட்டு, ஏழு சாவி, ஏழு பொறுப்பாளர்கள். தெற்குக் கோபுரம் 287 படி, தனி டிக்கெட். மகள் மட்டும் ஏறி வரட்டும்.

பழைய அரண்மனையில் விளாதிஸ்லாவ் மண்டபத்துக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். 62 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. மழைக் காலத்தில் வீரர்கள் குதிரையேறி வேல் பிடித்து மோதும் பந்தயம் இதற்குள் நடந்தது. குதிரைகள் ஏறி வரத் தாழ்வான அகலப் படிகளோடு ஒரு வழியே கட்டியிருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். பக்கத்து அறையின் ஜன்னலிலிருந்துதான் 1618 மே 23 அன்று பேரரசரின் அதிகாரிகள் இருவரையும் ஒரு எழுத்தரையும் தூக்கி வெளியே போட்டார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து மூண்ட போர் 30 ஆண்டுகள் நீண்டது.

புனித ஜார்ஜ் ஆலயத்துக்குப் பத்து நிமிடம் போதும். பொன் தெருவின் குட்டி வீடுகளில் 22-ஆம் எண்ணில் 1916–17-ல் ஃப்ரான்ஸ் காஃப்கா எழுதினார். உள்ளே இப்போது கடை. வீடுகளின் மேல்மாடிக்குப் போகும் படிகள் செங்குத்து, உங்கள் கணவர் வெளியிலிருந்து பார்த்தால் போதும். பகல் 12 மணிக்கு முதல் முற்றத்தில் இசையோடு காவல் மாற்றம். கூட்டம் இடிக்கும், பிடித்தால் பாருங்கள்.

திரும்பும் வழியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கிழக்கு வாசல் வழியாக வெளியேறினால் நீண்ட படிக்கட்டு. கால் களைத்த பிறகு இறங்கும் படி, ஏறும் படியைவிட முழங்காலை அதிகம் வாட்டும். வந்த வழியே பாலத்தைக் கடந்து அதே ட்ராம் நிறுத்தத்துக்குப் போய், "மாலொஸ்த்ரான்ஸ்கே நாமியெஸ்தி" நிறுத்தத்தில் இறங்கிச் சாப்பிடுங்கள். தெம்பு இருந்தால் பிற்பகலில் அதே 22-ல் கோட்டையைத் தாண்டி இரண்டாவது நிறுத்தமான "பொஹோர்ஜெலெட்ஸ்" வரை போகலாம். 1143-ல் நிறுவிய ஸ்த்ராஹொவ் மடத்தின் நூலகம் அங்கே இருக்கிறது. இரண்டு பெரிய மண்டபங்களையும் வாசற்படியில் நின்றுதான் பார்க்க விடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டும். ஏழேகாலுக்குச் சார்லஸ் பாலத்தில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் அங்கே தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். மாலா ஸ்த்ரானா பக்கமிருந்து பழைய நகர் நோக்கி நடங்கள். சூரியன் எதிரே எழும், திரும்பிப் பார்த்தால் கோட்டையின் மேல் வெயில் விழும். 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். 1357-ல், 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. முகூர்த்தம் பார்க்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது.

30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். மணற்கல் மழையிலும் புகையிலும் அரித்துவிடும் என்பதால் மூலங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெண்கலத்தால் ஆன நெபோமுக் ஜான் சிலை 1683-ஆம் ஆண்டு முதல் அங்கே நிற்கிறது. நீங்கள் நடக்கும் திசையில் இடப்பக்கம், தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். அரசியின் பாவமன்னிப்பு ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் அரசன் 1393-ல் அவரை ஆற்றில் எறிந்தான் என்பது பக்தர் கதை. மடாதிபதி நியமனத் தகராறே காரணம் என்பது வரலாற்றாய்வாளர் கூற்று. பீடத்துப் பலகைகளில் கை பட்டுப் பட்டுப் பொன்னாக மின்னும் இடங்களைப் பார்த்தால் எத்தனை பேர் வேண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது தெரியும்.

பாலத்திலிருந்து பழைய நகரச் சதுக்கம் பத்துப் பதினைந்து நிமிட நடை. தரை முழுக்கப் பொடிக்கல் பாவியது. தூறல் விழுந்தால் வழுக்கும். தோல் அடிப்பாகம் கொண்ட செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகமுள்ள மூடிய காலணி போடுங்கள்.

சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒரு முறை ஜன்னல்கள் திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வலம் வருவார்கள், எலும்புக்கூடு மணியடிக்கும், சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட இல்லை. கூடிய கூட்டம் "இவ்வளவுதானா" என்று கலையும். நீங்கள் மணியடித்துக் கால் மணி கழித்துப் போய் நின்று கடிகாரத்தைப் படியுங்கள், அதுதான் அங்கே காண வேண்டியது. 1410-ல் காடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் செய்தது. ஹனுஷ் என்பவர் செய்தார், இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைப் பறித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது கட்டுக்கதை.

மேல் முகப்பில் நடுவில் பூமி. வெளி வளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கும். இது பழைய பொகீமிய மணி (பொகீமியா இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி). சூரியன் மறைவதிலிருந்து எண்ணத் தொடங்குவது. நம் நாழிகைக் கணக்கு சூரியன் உதிப்பதில் தொடங்குவதுபோல, அவர்களுக்கு மறைவதில் தொடங்கியது. அஸ்தமன நேரம் ஆண்டு முழுவதும் மாறும் என்பதால் இந்த வளையமே முன்னும் பின்னுமாக நகரும். பொன் கை இந்த வளையத்தில் 21-ஐக் காட்டினால், 24-லிருந்து கழியுங்கள்: இருட்ட இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நகர வாசல் சாத்தும் முன் வீடு திரும்ப வேண்டியவனுக்கு வேண்டிய கணக்கு இதுதான். அதற்கு உள்ளே இருக்கும் ரோம எண்கள் நாம் பார்க்கும் சாதாரண மணி. நீல நிறப் பகுதி பகல், கருப்பு இரவு, நடுவில் செம்பழுப்பு நிறம் விடியலும் அந்தியும். பொன் சூரியன் எந்த நிறத்தின் மேல் இருக்கிறதோ அதுவே அப்போதைய வானம். பாதி வெள்ளி, பாதி கருப்பாக இருக்கும் உருண்டை சந்திரன். வளர்பிறை தேய்பிறையை அது தானாகச் சுழன்று காட்டும்.

மையத்திலிருந்து விலகிச் சுழலும் சிறு வளையம் ராசிச் சக்கரம். பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை. நீங்கள் போகும் வாரம் நமக்குப் புரட்டாசி, சூரியன் கன்னியில். பிராக் கடிகாரத்திலோ துலாமில் இருக்கும். கடிகாரம் பழுதில்லை. அது மார்ச் 21-ஐ ஒட்டிய சம இரவு நாளில் மேஷத்தைத் தொடங்கும் சாயன முறை. நம்முடையது நட்சத்திரங்களை வைத்துச் சித்திரை முதல் நாளில் மேஷத்தைத் தொடங்கும் நிராயன முறை. இரண்டுக்கும் இப்போது ஏறக்குறைய 24 நாள் வித்தியாசம். கீழே இருக்கும் வட்டம் நாள்காட்டி. மாதங்களைக் குறிக்கும் ஓவியங்களை வரைந்தவர் யோசெஃப் மானெஸ்.

நகர மண்டபக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. உங்கள் கணவர் நகரத்தை உயரத்திலிருந்து பார்க்க இதுவே நல்ல இடம். சீடர் உருவங்களை உள்ளிருந்து அருகில் பார்க்கும் சிற்றாலயமும் அங்கேதான். கீழே வந்ததும் மண்டபச் சுவர் ஓரத் தரையில் வெள்ளைக் கல்லால் பதித்த சிலுவைகளைத் தேடுங்கள். மொத்தம் 27. 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் மரண தண்டனையில் உயிரிழந்த, 1618-ல் மூண்ட கிளர்ச்சியின் தலைவர்களுக்காக. எதிரே இரட்டைக் கூர்க்கோபுரத் தேவாலயத்துக்குள் வானியல் அறிஞர் டைக்கோ பிராகே அடக்கமாகியிருக்கிறார்.

அங்கிருந்து யூதர் பகுதி பக்கம்தான். பிங்காஸ் ஜெபக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். நாஜிகள் கொன்ற பொகீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைச் சுவர்களில் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர், குடும்பப் பெயர், பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தகவல் தெரிந்த தேதி. ஒரே ஒரு குடும்பத்தின் வரியை முழுக்கப் படியுங்கள், போதும். அங்கிருந்தே பழைய கல்லறைத் தோட்டத்துக்கு வழி. 15-ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை அடக்கம் செய்தார்கள்; வேறு நிலம் கிடைக்காததால் மண் கொட்டி அடுக்கடுக்காக, சில இடங்களில் 12 அடுக்கு வரை. அதனால்தான் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்குகின்றன. பாதை மேடுபள்ளம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், ஒரு தொப்பி கொண்டு போகட்டும். 1270 வாக்கில் கட்டிய பழைய-புதிய ஜெபக்கூடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. இத்தனையும் ஒரே நாளில் பார்த்தால் மனம் கனத்துவிடும். ஸ்பானிஷ் ஜெபக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு தெரு தள்ளி ஆற்றோரம் யான் பலாக் சதுக்கம். அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்ட மாணவர் யான் பலாக் படித்தது இங்கேதான்; சுவரில் அவர் முகம் பதித்த தகடு உண்டு. தமிழாசிரியர்கள் மறக்க முடியாத தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-ல் பிறந்த ஊர் பிராக். படித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில். அவருக்குப் பின் யாரொஸ்லாவ் வாசெக்கும் இங்கே தமிழ் கற்பித்தார். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் "சைவம்" என்ற ஒரே சொல்லை நம்ப வேண்டாம். உருளைக்கிழங்கு சூப்பில் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்புத் துண்டோ இருக்கலாம். கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்கும் பொரித்த பாலாடைக்கட்டி, "ஸ்மஜெனி சீர்", மேல்மாவில் முட்டை சேரும். கூடவே வரும் வெள்ளைச் சட்னியிலும் முட்டைதான். "ஸ்விச்கொவா" என்று பரிந்துரைப்பார்கள், அது மாட்டிறைச்சி. "நெயீம் மாசோ" என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். முட்டையும் வேண்டாமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வட இந்திய சைவ உணவைத் தட்டில் எடுத்து எடைக்குக் காசு கொடுக்கும் தாபா பெயாஸ் கடைகள் நகரில் பல இடங்களில் உண்டு. பருப்பும் சோறும் கிடைத்தால் உங்கள் கணவருக்கு மூன்று நாளும் ஓடிவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சதுக்கத்துக் கடைகளில் 100 கிராம் விலையைப் பெரிதாக எழுதித் தட்டு நிறைய எடுத்து வைப்பார்கள். எடை போடும் முன் அளவைச் சொல்லிவிடுங்கள்.

பணம்: அங்கே யூரோ இல்லை, கொருனா. யூரோவை வாங்கும் கடைகள் தங்களுக்கு வசதியான விலையில்தான் கணக்கிடும். பெரும்பாலான இடங்களில் அட்டையே போதும். இயந்திரம் "யூரோவிலா, கொருனாவிலா" என்று கேட்டால் எப்போதும் கொருனா. நோட்டு வேண்டுமென்றால் வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்த ஏடிஎம். தெருவில் ஆள் வந்து நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் நிற்காமல் நடங்கள். கைக்கு வருவது வேறு நாட்டுச் செல்லாத நோட்டாக இருக்கும். பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ஒரு வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.

சுற்றுலா பாஸ் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது ஒரு நாளில் ஐந்தாறு இடம் ஓடிப் பார்ப்பவர்களுக்குக் கட்டுபடியாகும். உங்கள் கணவருக்குப் பயணம் இலவசம், கோட்டையில் சலுகை. நீங்கள் கட்டணம் கட்டி நுழையப் போவது மொத்தம் மூன்று நான்கு இடம்.

திங்களன்று காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை முதன்மை ரயில் நிலையத்தில், "ஹ்லாவ்னி நாத்ரஜி"யில், வைப்பறையில் விட்டுவிடுங்கள். அங்கிருந்து மெட்ரோ சி தடத்தில் மூன்றாவது நிறுத்தம் விஷெஹ்ராட். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பழைய கோட்டை மதில். மேலிருந்து வ்ல்தவா ஆறு முழுக்கத் தெரியும், நுழைவுக் கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ஸ்மெதனா, த்வொர்ஜாக், நீங்கள் ஜன்னலில் பார்த்த முகா, "ரோபோ" என்ற சொல்லை 1920-ல் தன் நாடகத்தின் வழியே உலகத்துக்குத் தந்த காரெல் சாபெக் எல்லோரும் இருக்கிறார்கள்.

ரயிலுக்கு நாற்பது நிமிடம் முன்பே நிலையம் வந்துவிடுங்கள். எந்த நடைமேடை என்பதைப் பலகையில் கடைசி நேரத்தில்தான் காட்டுவார்கள். காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள், லிஃப்ட் இருக்கும் பக்கத்தை முன்பே பார்த்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் முதலாம் நடைமேடைக்குப் போங்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி ஒருவர் நிற்கும் வெண்கலச் சிலை இருக்கும். நிக்கலஸ் விண்டன். 1939-ல் பெரும்பாலும் யூதக் குழந்தைகளான 669 பேரை இந்த நிலையத்திலிருந்து ரயிலேற்றி இங்கிலாந்து சேர்க்க ஏற்பாடு செய்தவர்களில் அவர் முதன்மையானவர். செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய கடைசி ரயிலில் சுமார் 250 குழந்தைகளுக்கு இடம் போட்டிருந்தார்கள். அன்றுதான் போர் மூண்டது, ரயில் புறப்படவே இல்லை. ஞாயிறன்று பிங்காஸ் சுவரில் பிறந்த தேதிகளைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சிலையின் அடியில் இருக்கும் சின்னப் பெட்டி கண்ணில் படாமல் போகாது.